நூற்று முப்பத்தொன்றாம் ஆணி

என் வீட்டுக்காரர் அலோயிஸ் போஸ்பீஷ் எதையும் எண்ணாமல் விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கேக்குத் துண்டு, கொடியில் காயும் காலுறை, குளத்துக்குக் குளிக்கப் போன பிள்ளைகள், எல்லாவற்றையும் எண்ணியாக வேண்டும். எங்கள் மகள் கல்யாண விருந்து முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு மண்டப வாசலில் நின்றுகொண்டு, "ஒரு ஆள் கொறையுது" என்றார். தேடிப் பார்த்தால் என் சித்தப்பா மகன் கோட்டு மாட்டும் அறையில் குடித்துவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அதிலிருந்து தன் எண்ணிக்கை தப்பவே தப்பாது என்று மனுஷருக்கு ஒரு கர்வம். ஒரே ஒரு தடவை தப்பியது. அதை அவர் மறக்க நான் விட்டதில்லை.

வால்பூர்கா நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பத்தொரு வருஷம் அவர் வில்லை ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். சுவர் நீளத்துக்கு ஒரு பலகை, பலகை நிறைய ஆணி, ஆணிக்கு ஒரு நம்பர் போட்ட பித்தளை வில்லை. கீழே இறங்குகிறவன் தன் வில்லையை வாங்கிக்கொண்டு போவான். ஏறி வந்ததும் ஜன்னலில் போடுவான், இவர் எடுத்து மாட்டுவார். ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் இன்னும் பூமிக்குள் இருக்கிறான். அவ்வளவுதான் வேலை. "இதுக்கு என்னய்யா பெரிய மூளை?" என்று கேட்டிருக்கிறேன். "மூளை வேண்டாம் ட்ரூடெ, முழிச்சிருந்தாப் போதும்" என்பார்.

முழித்திருந்த லட்சணத்தைச் சொல்கிறேன். 1971 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. என் தம்பி எகோன் காலை ஷிப்டு முடிந்து, ஆட்களை மேலே தூக்கும் கூண்டில் ஏறப்போகும்போது, காப்பிக் குடுவையை உள்ளேயே விட்டுவிட்டு வந்தது நினைவு வந்திருக்கிறது. தன் வில்லையைக் கூட்டாளி ருடியின் கையில் கொடுத்து, "என்னுதையும் சேத்துப் போட்டுருடா. நான் அடுத்த கூண்டுல வந்துர்றேன். மறுபடி ஜன்னல்ல வரிசையில நின்னா மேட்ச் போயிரும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். ருடி இரண்டையும் ஜன்னலில் போட்டுவிட்டுக் கால்பந்து மேட்ச் பார்க்கப் போய்விட்டான். உள்ளே எகோன் மேல் கூரை இறங்கியது. பலகை நிறைந்திருந்தது, அதனால் யாரும் தேடவில்லை. மறுநாள் காலை அவன் பெண்டாட்டி வந்து சுரங்க வாசலில் நின்று அழுத பிறகுதான் இறங்கினார்கள். நடுராத்திரி வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையை அவர் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம்.

விசாரணையில் என் வீட்டுக்காரரிடம், ஒரே கையிலிருந்து இரண்டு வில்லை விழுந்ததா என்று கேட்டார்கள். "இருபது நிமிஷத்துல நானூறு பேர் வந்து போடுவாங்க. பலகை நெறஞ்சிருந்துச்சு" என்றார். அவர் மேல் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நான் போடவில்லை. அன்று தொடங்கி எங்கள் வீட்டில் சண்டை எதில் ஆரம்பித்தாலும், அது உருளைக்கிழங்கில் உப்பு கூடிப்போனதாகவே இருந்தாலும், கடைசியில் அங்கேதான் போய் முடியும். "பித்தளையை எண்ணுனியே, ஆளை எண்ணுனியாய்யா?" என்பேன். "பலகை நெறஞ்சிருந்துச்சு, ட்ரூடெ" என்பார். இருபத்தைந்து வருஷம். வேறு புருஷனாக இருந்தால் ஒன்று அடித்திருப்பான், இல்லை ஓடியிருப்பான். இவர் எழுந்து போய்ப் புறாக்கூண்டில் புறாக்களை எண்ணுவார்.

அதற்குப் பிறகு ஜன்னலில் அவர் காட்டிய கெடுபிடியைச் சொல்லி மாளாது. ஒரு கைக்கு ஒரு வில்லை, முகத்தைக் காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். பசியோடு நிற்கிற ஆண்பிள்ளைகள் கெட்ட கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள். பித்தளைத் தலையன் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். குதிரை ஓடிப்போன பிறகு லாயத்தைப் பூட்டுகிற ஆள் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

86இல் சுரங்கத்தை மூடினார்கள். மிச்சம் நின்றது மேடு. நூறு வருஷமாக நிலக்கரியிலிருந்து பொறுக்கி எறிந்த கல்லும் சேறும் சேர்ந்து, மாதா கோயில் கோபுரத்தைவிட உயரமாக எழுந்த குப்பை. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் என் வெள்ளை விரிப்பெல்லாம் சாம்பல் விரிப்பாகிவிடும். நகராட்சி அதன் மேல் புல் விதைத்து, "மலை" என்று பெயர்ப்பலகை வைத்தது. சரி, தொலையட்டும் என்றிருந்தோம். புல்லோடு நிறுத்தினார்களா? உச்சியில் ஒரு பார்வைக் கோபுரம் கட்டினார்கள். மூன்று இரும்புக் கம்பத்தில் தொங்குகிற வளையப் படிக்கட்டு, தளமெல்லாம் ஓட்டை ஓட்டையான இரும்பு. காலுக்குக் கீழே பார்த்தால் வயிறு வாய்க்கு வரும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தொடுவானத்தின் காது'. நாங்கள் வைத்த பெயர் சல்லடை. எத்தனை மில்லியன் ஆயிற்று என்று கேட்காதீர்கள், சொன்னால் உங்களுக்கும் வயிறு எரியும். வேலை போன ஊருக்கு வேடிக்கை பார்க்க ஒரு காது!

இந்தக் காதுக்குத் தாய் நகராட்சிப் பண்பாட்டு அலுவலகத்து டாக்டர் லிண்ட்ஹோர்ஸ்ட். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. என் முழங்கால் வலிக்கு என்ன போடலாம் என்று கேட்டேன், சிரித்தாள். எங்கள் சமையலறையில் உட்கார்ந்து என் கேக்கை நுனிவிரலால் தொட்டுக்கொண்டே, "போஸ்பீஷ் ஐயா, திறப்பு விழாவுக்கு நீங்கதான் வேணும். கோபுரத்துல ஒரே நேரத்துல நூத்தம்பது பேருக்கு மேல ஏறக்கூடாது. அதுக்கு ஒரு அழகான யோசனை. பழைய வில்லைப் பலகை! நீங்க அதே மாதிரி நின்னு வில்லை குடுக்கணும். பாரம்பரியம்!" என்றாள்.

"நெசமாவே எண்ணணுமா, சும்மா நிக்கணுமா?" என்று கேட்டார் இவர்.

"எப்படி வேணும்னாலும்."

"எப்படி வேணும்னாலும்னா நான் வரல. எண்ணணும்னா வர்றேன். ஏறுற அத்தனை பேரும் வில்லை வாங்கணும். மேயரும் வாங்கணும். பலகை நெறையாம கதவைப் பூட்டக்கூடாது."

அவள் கைதட்டினாள். "அற்புதம்! எவ்வளவு உண்மையா இருக்கு!"

அவள் போன பிறகு, "நல்லா மாட்டுனய்யா. கண்காட்சிக் குரங்கு மாதிரி உன்னை நிக்க வச்சு வேடிக்கை காட்டப்போறாங்க" என்றேன். அவர் ஜன்னல் வேலைக்குப் போட்ட பழைய சாம்பல் நிறக் கோட்டை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

அந்தக் கோட்டை அவர்கள் போடவிடவில்லை. விழா அன்று, அக்டோபர் மாதக் குளிரில், வெள்ளைச் சட்டையும் கழுத்தில் சிவப்புத் துணியும் தலையில் பளபளவென்று புது ஹெல்மெட்டுமாக அலங்காரம் பண்ணிவிட்டார்கள். முப்பத்தொரு வருஷத்தில் ஒருநாள்கூட இவர் ஹெல்மெட் போட்டதில்லை. கூரைக்கடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு எதற்கு? பழைய சுரங்கக்காரர் ஷிகோரா பார்த்துவிட்டு, "என்ன அலோயிஸ், ஜன்னலுக்கு மேல இருந்து பாறை விழுதா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அடக்க முடியவில்லை.

மேயர் ஃபெர்காம்ப் ஒட்டக நிற மேல்கோட்டில் வந்தார். பல் டாக்டர் மகன். சுரங்கம் தோண்டுவது என்றால் அவருக்கு மூக்கைக் குடைவதுதான் தெரியும். மைக்கைப் பிடித்து, "க்ளுக் அவுஃப்!" என்று கத்தினார். அது எங்கள் ஆட்கள் பூமிக்குள் இறங்கும்போதும் ஏறும்போதும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறது, உயிரோடு மேலே வா என்று. இந்த ஆள் ரிப்பன் வெட்டுவதற்குச் சொல்கிறார். பிறகு, இந்த மலை நம் உழைப்பின் மணிமுடி, இங்கிருந்து எதிர்காலத்தைப் பார்க்கலாம் என்றார். நான் பார்த்தவரை அங்கிருந்து தெரிந்தது சாமான் கிடங்கும் நெடுஞ்சாலையும்தான்.

கோபுரத்தின் காலடியில் மரக்குடிசை, அதில் பலகை. என் வீட்டுக்காரர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பார்த்து வில்லை கொடுத்தார். மேயருக்கு நூற்று முப்பத்தொன்று. மேயர் அதைப் பல்லால் கடித்துப் படம் பிடிக்கச் சொன்னார். மூன்று மணிக்கு விருந்தாளிகளோடு மேலே ஏறினார். நாலு மணிக்கு விருந்தாளிகளெல்லாம் இறங்கி வந்து வில்லையைப் போட்டுவிட்டு, பேருந்தில் நகர மண்டபத்து வரவேற்புக்குப் போனார்கள். அதன் பிறகு பொதுஜனம் ஏறியது, இறங்கியது, தொத்திறைச்சி தின்றது. ஐந்தேகாலுக்குக் கடைசிப் பேருந்து இஞ்சினைப் போட்டுக்கொண்டு நின்றது. காற்று நன்றாக எழும்பிவிட்டது.

என் வீட்டுக்காரர் பலகையைப் பார்த்துவிட்டு வாசலில் வந்து நின்றார். மகள் கல்யாணத்தில் நின்ற அதே நிற்பு.

"ஒண்ணு கொறையுது. நூத்தி முப்பத்தொண்ணு. மேயர்."

"அட, அவ்வளவுதானா? ஞாபகத்துக்கு எடுத்துட்டுப் போயிருப்பார்" என்றாள் லிண்ட்ஹோர்ஸ்ட். "அவர் நாலு மணி பஸ்ல வரவேற்புக்குப் போயாச்சே."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமா? வரவேற்பே அவருக்குத்தானே! பஸ்லதான் வருவார்னு அவர் டிரைவரைக்கூட நான் முன்னாடியே அனுப்பிட்டேன்."

"ஜன்னலுக்கு வரல. நான் அந்த முகத்தைத் திரும்பப் பாக்கல" என்றார் இவர். "கதவைப் பூட்டாதீங்க."

காவலாள் அண்ணாந்து இரண்டு தடவை கூவிப் பார்த்தான். காற்று இரைச்சலைத் தவிர ஒன்றும் திரும்பி வரவில்லை. பேருந்தில் ஆட்கள் ஜன்னலைத் தட்ட ஆரம்பித்தார்கள். ஷிகோரா தலையை வெளியே நீட்டி, "அலோயிஸ்! சுரங்கத்தை மூடிப் பத்து வருஷமாச்சுய்யா! உங்கிட்ட யாரும் சொல்லலையா?" என்று கத்தினார். பேருந்து முழுக்கச் சிரிப்பு. எனக்கு அவமானமாக இருந்தது, முழங்காலும் குளிரில் இறுகிவிட்டது.

"வாய்யா வீட்டுக்கு" என்றேன். "பட்டாணி சூப்பு வச்சுட்டு வந்திருக்கேன். அந்த மனுஷன் கையில கெடச்சா மேசைத்துணியைக்கூட மடிச்சுப் பையில வச்சுக்குவான். ஒரு பித்தளைத் துண்டையா விடப்போறான்?"

"நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்."

"எழுபத்தி நாலு வயசுல நூத்தித் தொண்ணூறு படியா? உனக்கென்ன கிறுக்கா? எவன் எவனையோ தேட ஏறு. தேட வேண்டிய அன்னைக்கு உக்காந்திருந்த!"

சொன்னேன். ஊர் கேட்கச் சொன்னேன். அவர் முகம் ஒன்றும் மாறவில்லை, பழகிப்போன முகம்.

அப்போதுதான் லிண்ட்ஹோர்ஸ்ட் நடுவில் வந்தாள். கைப்பையைத் திறந்து, நம்பரில்லாத புது வில்லை ஒன்றை எடுத்தாள். தொலைந்தால் மாட்டுவதற்கென்று நிறைய செய்து வைத்திருந்தார்களாம். குடிசைக்குள் எட்டி, நூற்று முப்பத்தொன்றாம் ஆணியில் மாட்டிவிட்டாள்.

"இதோ, நெறஞ்சிருச்சு!" என்று சிரித்தாள். "இப்ப நிம்மதியாப் போலாமா, ஐயா?"

கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை அவளுக்கு. நல்ல மனதோடுதான் மாட்டினாள். கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. பார்த்தேன், பலகை நிறைந்திருந்தது. ஒரு வெறும் ஆணி இல்லை. தள்ளி நின்று பார்த்தால், சற்று முன்னால் எந்த ஆணி வெறுமையாக இருந்தது என்றுகூட, நம்பர் தெரியாதவள் என்றால் என்னால் சொல்லியிருக்க முடியாது. என் மாதாவே! ருடியும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே போட்டிருப்பான்.

"கையை எடுடி!" என்று கத்தினேன். டாக்டரைத்தான். ஆணியிலிருந்து அந்த வில்லையைப் பிடுங்கி, வீசிய வீச்சில் அது மேட்டுச் சரிவில் எங்கோ போய் விழுந்தது. பேருந்தில் சிரிப்பு நின்றது. "பூட்டுனா உன் கையை ஒடிச்சிருவேன்" என்று காவலாளிடம் சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரரின் இடுப்புப் பட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டேன். "ஏறுய்யா. நான் பின்னாடி வர்றேன். கீழ மட்டும் பாக்கச் சொல்லாத."

அந்தப் படிக்கட்டைக் கட்டினவன் நன்றாகவே இருக்கமாட்டான். ஒவ்வொரு படியும் ஆடுகிறது. ஓட்டை வழியே காற்று பாவாடைக்குள் புகுந்து தலைவழியே போகிறது. ஆளைக் கொல்லப் போதுமானது எல்லாம் இருக்கிறது, பிடித்துக்கொள்ள உருப்படியாக ஒன்று இல்லை. என் வீட்டுக்காரர் படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார். நூற்று அறுபத்தெட்டில் நின்றார்.

உச்சிக்கு முந்தின வளையத்துத் தளத்தில், கம்பத்தைக் கட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தது ஒட்டக நிற மேல்கோட்டு.

"க்ளுக் அவுஃப், மேயர்" என்றார் என் வீட்டுக்காரர்.

மேயர் கண்ணைத் திறக்கவில்லை. "போயிட்டாங்களா எல்லாரும்?" என்று கேட்டார். குரல் கம்மிப்போய், காற்றில் பாதிதான் கேட்டது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது கதை. மேலே ஏறி ஒருதரம் காலடியில் பார்த்திருக்கிறார். கால் கட்டிப்போயிற்று. விருந்தாளிகள் முன்னால் சொல்ல வெட்கம். முதுகைத் திருப்பிக்கொண்டு எதிர்காலத்தை ரசிக்கிற மாதிரி நின்றிருக்கிறார். நீங்க போங்க, நான் கொஞ்சம் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாராம். பொதுஜனம் வந்தபோதும் முகத்தைக் காட்டாமல் அப்படியே நின்று கையசைத்திருக்கிறார், யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசி ஆள் இறங்கின பிறகு உதவி கேட்கலாம் என்று பார்த்தால், குரல் போயிற்று. ராத்திரி முழுக்க அந்தக் காற்றில் கிடந்திருந்தால் காலையில் விறைத்த கட்டையைத்தான் இறக்கியிருப்பார்கள்.

"எந்திரிங்க" என்றார் இவர்.

"முடியாது. கீழ எல்லாம் ஓட்டை."

"ஓட்டைதான். நீங்கதானே ரிப்பன் வெட்டுனீங்க!" என்றேன் நான்.

"சும்மா இரு, ட்ரூடெ." கழுத்திலிருந்த அந்தச் சிவப்புத் துணியை அவிழ்த்து மேயரின் கண்ணைக் கட்டினார். அலங்காரத்துக்குக் கொடுத்த துணி அன்றைக்கு அந்த ஒரு வேலைக்காவது உதவியது. "எங்க ஆளுங்க இருட்டுலதான் வாழ்நாள் பூரா நடந்தாங்க. ஒண்ணும் ஆகாது. என் தோளைப் பிடிங்க. நான் எண்ணுறேன், எண்ணுக்கு ஒரு படி. ஒண்ணு."

நூற்று அறுபத்தெட்டு படி. என் வீட்டுக்காரர் முன்னால், அவர் தோளில் மேயர், மேயரின் விலையுயர்ந்த காலரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நான். கீழே வந்ததும் மேயர் கண்கட்டை அவிழ்த்து, கோட்டைத் தட்டிவிட்டு, முதல் வார்த்தையாக, "இது வெளிய தெரிய வேண்டாம்" என்றார்.

"வில்லையைக் குடுங்க" என்றார் இவர்.

உள்ளங்கையைப் பிரிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார். என் வீட்டுக்காரர் அதை வாங்கி, அவர் முகத்தை ஒருதரம் பார்த்து, நூற்று முப்பத்தொன்றாம் ஆணியில் மாட்டினார். "இப்பப் பூட்டுங்க" என்றார். ஷிகோரா பேருந்திலிருந்து இறங்கித் தொப்பியைக் கழற்றினார். இரண்டு நாள் கழித்துப் பேப்பரில், சூரியன் மறையும் அழகில் மெய்மறந்து கடைசியாக இறங்கியவர் மேயர்தான் என்று வந்தது. அடுத்த வாரமே பலகையை எடுத்துவிட்டு, தானாக எண்ணும் சுழல் கதவு வைத்தார்கள். போகட்டும், வெட்கம் கெட்டவர்கள்.

நான் சொல்ல வந்தது அதில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சூப்பைச் சூடாக்கினேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. எழுபது வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு விஷயத்தில் நான் தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"அந்தம்மா மாட்டுனதை நான் பாத்தேன்யா. பாத்துக்கிட்டே நின்னேன். ஒரு நிமிஷம் திரும்பியிருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்காது. அன்னைக்கு நானூறு பேர்ல உனக்கு என்ன தெரியும்? நான் உன்னைப் பேசுனதெல்லாம் அநியாயம். இருபத்தஞ்சு வருஷமா அநியாயமாப் பேசிட்டேன். மன்னிச்சுரு."

அவர் சூப்பைக் கலக்கினார்.

"ரெண்டு வில்லை விழுந்தா சத்தம் வேற, ட்ரூடெ" என்றார். "ஒண்ணு விழுந்தா ஒரு சத்தம். ரெண்டு சேந்து விழுந்தா வேற. எனக்குத் தெரியும். அன்னைக்குக் கேட்டுச்சு. நிமிந்து பாக்கல. மேட்ச்சுக்கு நானும் போகணும்னு இருந்தேன்."

இந்த வார்த்தைக்குத்தான் இருபத்தைந்து வருஷமாக அவரைக் குடைந்து குடைந்து கேட்டேன். இது கிடைத்தால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று படுக்கையில் புரண்டு புரண்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். கையில் கிடைத்தபோது அதில் ஒன்றுகூட நாக்கில் வரவில்லை. அழுகைதான் வந்தது. எகோனுக்காகவா, இந்தக் கிழவனுக்காகவா, தெரியவில்லை. அவர் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிய்யா" என்றேன். "ஆறிப்போகுது."